பதினேழாம் எண்ணுக்கு விழும் ஓட்டு

2024 ஜூலை 10. விக்கிரவாண்டித் தொகுதியில் இடைத்தேர்தல். சர்க்கரை ஆலையாலும் அரசு மருத்துவக் கல்லூரியாலும் பேர் தெரிந்த முண்டியம்பாக்கமும் அந்தத் தொகுதிக்குள்தான் வருகிறது. அன்று பூத்துக்குப் போனவர்கள் அட்டை மறைப்புக்குப் பின்னால் அடுத்தடுத்து இரண்டு மெஷின்களைப் பார்த்தார்கள். களத்தில் இருந்த வேட்பாளர்கள் 29 பேர். நோட்டாவையும் சேர்த்தால் 30 வரிசை. ஒரு மெஷினில் இருப்பதோ 16 பொத்தான்கள். ஆகவே முதல் 16 பேர் ஒன்றில், மிச்சமுள்ள 13 பேரும் நோட்டாவும் இன்னொன்றில். இரண்டாவது மெஷினில் வேலையில்லாத கடைசி இரண்டு பொத்தான்களையும் மூடிவிடுவார்கள்.

வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, விரலில் மை வாங்கி, உள்ளே போய் ஒரு பொத்தானை அமுக்கினால் 'பீப்' என்று நீளமாக ஒரு சத்தம். அவ்வளவுதான். வெளியே வந்து டீக்கடைப் பக்கம் நடக்கும்போது பலருக்கு ஒரு நமைச்சல் எடுக்கும்: நினைத்த இடத்தில்தான் அமுக்கினோமா?

மெஷினில் யாராவது கை வைத்திருப்பார்களா என்பது வேறு விவகாரம். அதற்கு நீதிமன்றத்தில் கட்டுக்கட்டாக வழக்குகள் உண்டு. இந்த அத்தியாயத்தில் அதற்குள் போகப்போவதில்லை. மெஷின் நூற்றுக்கு நூறு யோக்கியமானது என்றே வைத்துக்கொள்வோம். நம் விரல்? அது எத்தனை முறை தப்பான பொத்தானுக்குப் போகிறது? ஆயிரத்தில் ஒருவருக்கா, நூற்றில் ஒருவருக்கா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓட்டுப் போட்டவர் யாருக்குப் போட நினைத்தார் என்று கேட்கக்கூட நமக்கு உரிமையில்லையே.

மூன்று அளவுகோல்கள்

திரையோ பொத்தானோ உள்ள ஒரு பொருள், அதைக் கையாளுபவருக்கு எவ்வளவு தூரம் ஒத்துழைக்கிறது என்பதைப் பயன்தகவு என்று சொல்லலாம். ரயில் டிக்கெட் எடுக்கும் செயலி, வங்கி ஏடிஎம், மருத்துவமனையில் டோக்கன் தரும் மெஷின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உலகத் தர அமைப்பு 1998இல் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது, 2018இல் திருத்தியது. அதன்படி பார்க்க வேண்டியவை மூன்று. வந்த வேலை சரியாக முடிந்ததா? அதற்கு எவ்வளவு நேரமும் சிரமமும் ஆயிற்று? முடித்தவருக்கு மனம் நிறைந்ததா?

நேரத்தை அளக்கக் கடிகாரம் போதும். மனநிறைவை அளக்கக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. 1986இல் ஜான் புரூக் என்பவர் எழுதிய பத்து வாக்கியப் பட்டியல் இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. ஆனால் மனநிறைவு ஏமாற்றக்கூடியது. தப்பான பொத்தானை அமுக்கிவிட்டு, "பரவால்ல, சட்டுனு முடிஞ்சிடுச்சு" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறவரும் கேள்வித்தாளில் முழு மதிப்பெண் போடுவார். ஓட்டு மெஷினில் முதல் அளவுகோல் ஒன்றுதான் ராஜா. மற்ற இரண்டும் அதற்குப் பின்னால்தான்.

டிக்கெட் செயலியில் தப்பு நடந்தால் அது எங்காவது தடம் விட்டுப்போகும். விழுப்புரத்துக்குப் போக வேண்டியவர் விருத்தாசலத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டால் ரத்து செய்வார், திரும்ப எடுப்பார். அந்த ரத்துகளை எண்ணினாலே வடிவமைப்பின் கோளாறு தெரிந்துவிடும். ஓட்டில் ரத்து கிடையாது, திரும்பப் போடவும் முடியாது. எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

செல்லாத ஓட்டு செத்துப்போன கதை

காகிதச் சீட்டுக் காலத்தில் ஓர் அளவை இருந்தது: செல்லாத ஓட்டு. இரண்டு சின்னத்துக்கு நடுவில் குத்தியது, எங்குமே குத்தாதது, முத்திரைக்குப் பதில் கைநாட்டு வைத்தது என்று எண்ணிக்கை மேசையில் ஒரு குவியல் தனியாகச் சேரும். சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். எது குத்தியது, எது ஒட்டியது? அம்புக்குறிபோல் வளைந்த கரங்கள் உள்ள அந்த முத்திரை அதற்கு விடை சொல்லும்: ஒட்டியது கண்ணாடி பிம்பமாக, கரங்கள் எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். ரப்பர் முத்திரைக்குள்ளேயே பிழை காட்டும் உபாயத்தை வைத்தவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள். ஓட்டுச் சீட்டு புத்தகமாகவே ஆகிவிட்டது. காகிதம் தாங்கக்கூடிய எல்லை எது என்று தமிழ்நாடு அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

மெஷின் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஹைதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் 1979இல் முதல் மாதிரியைச் செய்தது. 1982 சட்டமன்றத் தேர்தலில் கேரளத்தின் பரவூர் தொகுதியில் சில பூத்துகளில் வைத்துப் பார்த்தார்கள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் பெரும் பங்கு எஸ். ரங்கராஜனுடையது. தமிழ் வாசகருக்கு அவரை சுஜாதா என்றால்தான் தெரியும். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மெஷினுக்கு மாறியது.

மாறியதும் செல்லாத ஓட்டு என்ற குவியலே காணாமல் போயிற்று. அலுவலர் கட்டுப்பாட்டு அலகில் ஒரு முறை அனுமதித்தால் ஒரே ஓட்டுதான் பதிவாகும். இரண்டு பொத்தான்களை அமுக்க முடியாது, நடுவில் குத்த முடியாது. இது சாதாரண சாதனையில்லை. பிரேசிலில் 1998 தேர்தலின்போது 40,500 வாக்காளருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு மட்டும் மெஷின் கொடுத்தார்கள். மற்ற ஊர்களுக்குக் காகிதம்தான். தாமஸ் ஃபுஜிவாரா என்ற பொருளியலாளர் அந்த எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருந்த ஊர்களை எடுத்து ஒப்பிட்டார். 40,000 பேர் உள்ள ஊருக்கும் 41,000 பேர் உள்ள ஊருக்கும் வேறு என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? மெஷின் வந்த ஊர்களில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் கூடுதலாகச் செல்லுபடியாகியிருந்தன. அவற்றில் பெரும்பகுதி அதிகம் படிக்காதவர்களுடையது. அதுவரை வரிசையில் நின்றும் கணக்கில் வராமல் போனவர்கள் அவர்கள்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெஷினில் செல்லாத ஓட்டு பூஜ்யம் என்றால் பிழையே பூஜ்யம் என்று ஆகிவிடாது. செல்லாத ஓட்டைப் போட மெஷின் விடுவதில்லை, அவ்வளவுதான். காகிதத்தில் குழம்பியவரின் குழப்பம் சீட்டிலேயே தெரியும். மெஷினில் குழம்பியவர் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் அது இன்னொருவருக்குச் செல்லுபடியான ஓட்டு. பார்வைக்கு ஒரு மறுவும் இருக்காது. பிழையை அளக்கும் கருவி உடைந்த பிறகு அதன் முள் பூஜ்யத்தில் நின்றால், அதைப் பார்த்துத் திருப்திப்பட முடியுமா? இப்படி நினைத்தவர் ஒருவர், ஓட்டு விழுந்தவர் இன்னொருவர் என்று ஆகிப்போவதைப் பிறழ்வாக்கு என்று சொல்வோம்.

ஐந்து பேர் போதுமா?

சரி, ஒத்திகை வைத்துப் பார்த்துவிடலாமே? ஊரில் சிலரைக் கூப்பிட்டு, "இந்தச் சின்னத்துல அமுக்குங்க" என்று சொல்லி, எத்தனை பேர் தவறுகிறார்கள் என்று எண்ணலாம். செயலி வடிவமைப்பவர்கள் தினமும் செய்வது இதைத்தான். ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரிய கோளாறுகள் பலவும் வெளிவந்துவிடும் என்பது அந்தத் தொழிலில் வேதவாக்கு.

கோளாறு என்ன என்று கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும். அது எத்தனை பேருக்கு நேரும் என்று அளக்கப் போதாது. ஐந்து பேரும் சரியாக அமுக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழை விகிதம் பூஜ்யம் என்று எழுதலாமா? உண்மையில் நூற்றுக்கு 40 பேர் தவறக்கூடிய மோசமான மெஷினாகவே அது இருந்தாலும், தற்செயலாகப் பிடித்த ஐந்து பேரும் தவறாமல் போக 13இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அப்படியொன்றும் அபூர்வம் இல்லை.

இதற்குப் புள்ளியியலில் கைக்கு அடக்கமான ஒரு விதி உண்டு. சோதித்த அத்தனை பேரிடமும் ஒரு பிழைகூட வரவில்லை என்றால், 3ஐ அந்த எண்ணிக்கையால் வகுங்கள். உண்மையான பிழை விகிதம் அந்த அளவு வரை இருக்கலாம். 300 பேர் தவறவில்லை என்றால், நூற்றுக்கு ஒன்று வரை பிழை மறைந்திருக்க இடமுண்டு. ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே என்று சொல்ல வேண்டுமானால் 3,000 பேர் தவறாமல் அமுக்கிக் காட்ட வேண்டும்.

தேர்தல் நாளன்று விடியற்காலையில் கட்சி ஏஜென்டுகளின் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட்டுப் பார்க்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் அது மெஷினுக்கு வைக்கும் பரீட்சை. எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் நிதானமாக அமுக்குகிறார்கள். கண்புரை உள்ள எழுபது வயதுக்காரர், கரும்பு வெட்டிவிட்டு வந்த மரத்துப்போன விரல், பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பு, இரண்டு மெஷின், முப்பது வரிசை இவையெல்லாம் சேர்ந்த அந்த முழு ஏற்பாட்டுக்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை. நம் நாட்டில் மெஷினை ஆயிரம் முறை சோதிக்கிறோம். மெஷினும் மனிதரும் சேர்ந்த ஜோடியைச் சோதித்ததாகத் தெரியவில்லையே என்பதுதான் எனக்குள்ள ஆதங்கம்.

பட்டாம்பூச்சி

பிறழ்வாக்கு கையும் களவுமாகப் பிடிபட்ட ஊர் அமெரிக்காவின் பாம் பீச். 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தல். வயதானவர்கள் நிறைந்த மாவட்டம் என்பதால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று அங்கிருந்த தேர்தல் அதிகாரி நினைத்தார். எண்ணம் நல்லதுதான். எழுத்து பெரிதானதும் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இடப்பக்கம் சிலர், வலப்பக்கம் சிலர், குத்த வேண்டிய ஓட்டைகள் நடுவில் ஒரே வரிசையாக. விரித்த பட்டாம்பூச்சி மாதிரி. இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். ஆனால் இரண்டாவது ஓட்டை கோருடையது இல்லை. வலப்பக்கத்தில் மேலே இருந்த பியூகேனனுடையது. கோருக்கு மூன்றாவது.

பியூகேனனுக்கு அந்த மாவட்டத்தில் 3,407 ஓட்டு விழுந்தது. அவருக்கு அங்கே அவ்வளவு ஆதரவு இல்லை என்று அவரே சொன்னார். ஆனால் 'அதிகமாக இருக்கிறதே' என்ற வியப்பு அளவீடு ஆகாது. எதைவிட அதிகம்?

ஆய்வாளர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. அதே மாவட்டத்தில் தபாலில் ஓட்டுப் போட்டவர்களுக்கு பட்டாம்பூச்சிச் சீட்டு இல்லை; வழக்கமான சீட்டுதான். தபால் ஓட்டில் பியூகேனனுக்குக் கிடைத்தது ஆயிரத்துக்கு 2.2. பூத்தில் ஆயிரத்துக்கு 8.5. ஊர் அதே, வேட்பாளர்கள் அதே, மாறியது சீட்டு மட்டும். கோருக்குப் போக வேண்டிய 2,000க்கும் மேற்பட்ட ஓட்டுகள் இடம் மாறிப்போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள். புளோரிடா மாநிலத்தில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில்.

யாருடைய மனதையும் திறந்து பார்க்காமல், ஒருவரிடமும் கேள்வி கேட்காமல் ரகசிய ஓட்டுக்குள் இருந்த பிழையை அளந்துவிட்டார்கள். வடிவமைப்பு மட்டும் மாறி மற்றவை மாறாத இரண்டு கூட்டங்களைத் தேடிப் பிடித்ததுதான் அவர்கள் செய்தது. பிரேசில்காரர் செய்ததும் அதே வேலைதான்.

அக்கம்பக்கத்து அதிர்ஷ்டசாலி

கலிபோர்னியாவில் 2003இல் ஆளுநர் பதவிக்கு 135 பேர் போட்டியிட்டார்கள். நடிகர் அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் ஜெயித்த தேர்தல். பெயர் வரிசையில் மேலே இருப்பவருக்கு அனுகூலம் போய்விடக் கூடாது என்று 80 சட்டமன்ற மாவட்டங்களிலும் வரிசையைச் சுழற்றிச் சுழற்றி அச்சடித்தார்கள். அதனால் பேர் தெரியாத ஒரு வேட்பாளர் ஓரிடத்தில் பிரபலமானவருக்குப் பக்கத்தில் இருப்பார், இன்னோரிடத்தில் தள்ளி இருப்பார். கெல்லி ஷூ, எர்ஸோ லட்மர் என்ற இருவர் இந்த இரண்டு நிலையையும் ஒப்பிட்டார்கள். பிரபலத்தின் பக்கத்தில் இருந்த இடங்களில் பேர் தெரியாதவரின் ஓட்டு விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. கொள்கை பிடித்துப்போய் யாரும் போடவில்லை. குறி ஒரு வரிசை தவறியதால் விழுந்த ஓட்டுகள் அவை. வருமானமும் படிப்பும் குறைந்த, ஆங்கிலம் பேசாத மக்கள் வாழும் பகுதிகளில் இது அதிகமாக இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பிழை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை.

விக்கிரவாண்டிக்கு ஒரு கணக்கு

இனி இரண்டு மெஷின்களுக்கு வருவோம். நம்மூரில் பிரசாரம் எப்படி நடக்கிறது என்று தெரியும். மெஷின் போலவே அச்சடித்த அட்டையைத் திண்ணையில் வைத்துக்கொண்டு கட்சிக்காரப் பையன் சொல்லிக்கொடுப்பான்:

"ஆயா, மொத மெஷினு, மொத பட்டன். மேலயே இருக்கும். மறந்துடாதே."

"மொத பட்டன்தானேடா? அதெல்லாம் தெரியும் போ."

பாட்டி நினைவில் வைத்துக்கொண்டது 'மொத பட்டன்'. 'மொத மெஷினு' அதில் நழுவிவிட்டது. உள்ளே போனால் இரண்டு மெஷின்கள், இரண்டிலும் உச்சியில் ஒரு நீலப் பொத்தான். இரண்டும் அச்சு அசல் ஒன்றே. வித்தியாசம் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் தெரியும் 1, 2 என்ற எண் மட்டும்தான். இரண்டாவது மெஷினின் முதல் பொத்தான் யாருடையது? 17ஆம் எண் வேட்பாளருடையது. கலிபோர்னியாவில் அக்கம்பக்கம் என்பது மேலும் கீழும். இங்கே ஒன்றுக்கு 17, இரண்டுக்கு 18, மூன்றுக்கு 19 என்று பக்கவாட்டிலும் ஓர் அக்கம்பக்கம் உண்டாகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கட்சி எது என்பது இங்கே முக்கியமில்லை. கணக்கு கற்பனைதான், அளவு மட்டும் விக்கிரவாண்டியுடையது. 276 பூத்துகள், ஒவ்வொன்றிலும் 700 ஓட்டு. எண் 1க்குப் போட நினைத்தவர்கள் நூற்றுக்கு 60, அதாவது பூத்துக்கு 420 பேர். அவர்களில் 200க்கு ஒருவர் மெஷின் மாறி 17ஐ அமுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 17ஆம் எண்காரருக்குப் பூத்துக்கு ஒரு சொந்த ஓட்டு உண்டு.

பூத்துக்கு 2.1 ஓட்டு இடம் மாறும். தொகுதி முழுக்கக் கூட்டினால் சுமார் 580. எண் 1இன் பங்கு 60இலிருந்து 59.7 ஆகும், யார் கண்ணிலும் படாது. ஆனால் 17இன் ஓட்டு 276இலிருந்து 856க்கு ஏறிவிடும், மூன்று மடங்கு. பெரிய குளத்தில் ஒரு குடம் குறைந்தால் தெரியாது. அந்தக் குடத்தை அண்டாவில் ஊற்றினால் நிரம்பி வழியும். பிழையைத் தேட வேண்டியவன் இழந்தவரை விட்டுவிட்டு, பெற்றவரைப் பார்க்க வேண்டும்.

17க்கு அதிகம் விழுந்தது என்று மட்டும் காட்டினால் போதுமா? அவர் உள்ளூரில் நல்ல பேர் எடுத்தவராக இருக்கலாம். சின்னம் பிடித்திருக்கலாம். இங்கேதான் பூத்து வாரியான எண்கள் உதவிக்கு வருகின்றன. எண் 1 பலமாக உள்ள பூத்தில், 600 பேர் அவருக்குப் போட நினைத்தால், 17க்கு மூன்று ஓட்டு கூடுதலாக வரும். பலவீனமான பூத்தில், 100 பேர்தான் என்றால், அரை ஓட்டு. ஆக, 17இன் ஓட்டு எண் 1இன் ஓட்டோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். சொந்தச் செல்வாக்கில் வாங்கியவரின் ஓட்டு அவருடைய தெரு, அவருடைய உறவு உள்ள பூத்துகளில் குவியும். இன்னொருவரின் நிழல்போல ஊர் ஊராகப் பின்தொடராது.

அதற்கு மேலும் ஒரு சோதனை. 18இன் ஓட்டு எண் 1ஐத் தொடரக் கூடாது. எண் 2ஐத்தான் தொடர வேண்டும். 17 ஒன்றையும் 18 இரண்டையும் 19 மூன்றையும் தொடர்ந்தால், அதைப் பிறழ்வாக்கு என்று துணிந்து சொல்லலாம். மூன்றுமே எண் 1ஐத் தொடர்ந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

இடையில் ஒரு வேடிக்கை: சரியாக 16 பேர் மட்டும் நின்றால் 17ஆம் இடத்தில் நோட்டா தனியாக உட்கார்ந்திருக்கும். அந்தத் தொகுதிகளில் நோட்டா கூடினால், மக்கள் கோபம் என்று தலையங்கம் எழுதும் முன் பொத்தான் எங்கே இருந்தது என்று பார்ப்பது நல்லது.

விக்கிரவாண்டியில் வித்தியாசம் 67,757. மேலே சொன்ன 580 அதில் ஒரு தூசு. ஆனால் 2016இல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். அதே தேர்தலில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. அப்படிப்பட்ட இடங்களில் 200க்கு ஒன்று என்பது ஓர் ஆட்சிக்கால விவகாரம். அந்தத் தேர்தல்களில் பிழை நடந்தது என்று நான் சொல்லவில்லை; அந்த அளவுள்ள பிழை இருந்தால் அது முடிவை மாற்றும் எடையுள்ளது என்று மட்டும் சொல்கிறேன்.

ஏழு நொடி

இப்போது மெஷினோடு விவிபாட் பெட்டியும் இருக்கிறது. அமுக்கிய சின்னம் சீட்டில் அச்சாகி, கண்ணாடி வழியாக 7 நொடி தெரிந்து, பெட்டிக்குள் விழும். அதைப் பார்த்து எத்தனை பேர் பிழை என்று புகார் செய்தார்கள் என்று எண்ணினால் ஆகாதா?

ஆகாது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட சோதனை இது. நூலகத்தில் மாதிரி பூத் அமைத்து 241 பேரை ஓட்டுப் போடச் செய்தார்கள். மெஷின் அச்சிட்டுத் தந்த சீட்டில் வேண்டுமென்றே ஓர் இடத்தில் மாற்றி அடித்தார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டபோது சீட்டை ஏறிட்டுப் பார்த்தவர்களே நூற்றுக்கு 40. தப்பு என்று அலுவலரிடம் சொன்னவர்கள் நூற்றுக்கு 6.6. மற்றவர்கள் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். நம் விவிபாட் சீட்டில் ஒரே சின்னம்தான் என்பதால் கவனிப்பது சுலபமாக இருக்கலாம். ஆனாலும் 7 நொடி என்பது கண்ணாடி போட்டுக்கொள்ளவே சிலருக்குப் போதாது.

கவனித்தாலும் சொல்ல முடிவது வேறு. நம் விதியின்படி, அமுக்கியது ஒன்று அச்சானது ஒன்று என்று புகார் சொல்கிறவர் எழுத்து மூலம் உறுதிமொழி தர வேண்டும். சோதனை ஓட்டு போட்டுப் பார்த்துப் பொய் என்று ஆனால் தண்டனை உண்டு. அதுவும் மெஷின் மாற்றிவிட்டது என்ற புகாருக்குத்தான். 'நான்தான் மாற்றி அமுக்கிவிட்டேன்' என்பவருக்கு வழியே கிடையாது. புகார் குறைவு என்பதை வைத்துப் பிழை குறைவு என்று முடிவு கட்டும் அலுவலகங்களைத் தேர்தலுக்கு வெளியேயும் நாம் தினமும் பார்க்கிறோம்.

பெயரும் முகமும்

17இன் கணக்கைக் குழப்பக்கூடிய இன்னொன்று பெயர். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, வேறு ஐந்து பன்னீர்செல்வங்களும் நின்றார்கள். கட்சி அந்தஸ்து வாரியாகப் பிரித்த பின், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசையில்தான் பெயர்களை அடுக்குகிறார்கள். ஒரே பெயர்க்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. அங்கே பிறழ்வாக்கு விழுந்தால் காரணம் பெயரா, பக்கத்து இடமா என்று பிரிப்பது கஷ்டம். கலிபோர்னியாவில் வரிசையைச் சுழற்றியது எவ்வளவு உதவியது என்பது இதைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

சின்னமும் நிலையாக இருப்பதில்லை. விக்கிரவாண்டியை உள்ளடக்கிய விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் ரவிக்குமார் 2019இல் உதயசூரியனில் ஜெயித்தார். 2024இல் பானையில் ஜெயித்தார். அதே வாக்காளர் அதே மனிதருக்கு வேறு படத்தைத் தேட வேண்டியிருந்தது.

பெயர்க் குழப்பத்துக்கு மருந்தாக 2015 மே மாதத்திலிருந்து மெஷினில் வேட்பாளரின் படமும் சேர்ந்தது. கறுப்பு வெள்ளையில், தபால்தலை அளவில். 2025இல் தேர்தல் ஆணையம் பீகாரில் தொடங்கி வண்ணப் படத்துக்கு மாறியது. படத்தின் முக்கால் பாகத்தில் முகம் இருக்க வேண்டும், எண்களைத் தடித்த பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்றும் சொன்னது. எனக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது. ஆனால் பாம் பீச்சில் எழுத்தைப் பெரிதாக்கியவருக்கும் அப்படித்தான் பட்டது.

வேலை செய்ததா என்று பார்க்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் படிவம் 20 என்ற பட்டியல் வெளியாகிறது. எந்த பூத்தில் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்பது அதில் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படம் இருந்த தேர்தல்களில் 17 ஒன்றை எவ்வளவு நெருக்கமாகத் தொடர்ந்தது, வண்ணத்துக்குப் பிறகு அந்த நெருக்கம் தளர்ந்ததா என்று ஒப்பிட்டால் போதும். கணினியில் அட்டவணை போடத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் விடுமுறையில் செய்யக்கூடிய வேலை. தமிழ்நாட்டின் 2021 சட்டமன்றத் தேர்தலில் தொடங்கலாம்: 234 தொகுதிகளில் 17 பேரோ அதற்கு மேலோ நின்றவற்றை மட்டும் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு, முதலில் எண் 1, 17 இரண்டின் பத்திகள். 18ஐயும் கையோடு எழுதிக்கொள்ள வேண்டும். அது பக்கத்தில் இல்லாவிட்டால் 17இலிருந்து எதுவும் தெரியாது.